காலாங்கில் இறங்கிய ஆகாயக் கப்பல்: லாயாங்-லாயாங்கிலிருந்து இரண்டு நாள் வழிகாட்டி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் லாயாங்-லாயாங் எங்கள் ஊர். அந்தப் பெயருக்கு மலாயில் காற்றாடி என்று பொருள். தகைவிலான் குருவிக்கும் அதே பெயர்தான். பெயரில் மட்டும்தான் பறக்கும் ஊர் இது. ஒரு ரயில் ஸ்டேஷன், சில வரிசைக் கடைகள், நாலா பக்கமும் செம்பனை. தாத்தா காலத்தில் அத்தனையும் பால்மரம். விடியற்காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மர நிரைக்குள் போன பால்மரம் வெட்டுக்காரர்கள், மேலே இரைச்சல் கேட்டால் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்களாம். "ஆகாயக் கப்பல் போவுது" என்று யாராவது ஒருவர் கத்துவாராம். எங்கள் வீட்டில் பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். விமானம் என்ற சொல் ரேடியோவுக்கும் பத்திரிகைக்கும்தான்.

அந்த ஆகாயக் கப்பல்கள் எங்கே இறங்கின என்று யாரும் கேட்டதில்லை. ஏறிப் பார்க்க வழியே இல்லாதவர்களுக்கு அந்தக் கேள்வி எதற்கு? ஊருக்குப் போவதென்றால் பினாங்கு, ராஜுலா கப்பல், நாகப்பட்டினம். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த பயணம். ஆனால் அவை இறங்கிய இடம், சிங்கப்பூரின் காலாங், இங்கிருந்து 100 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அந்தக் கட்டடமும் இன்று வரை நிற்கிறது. சிங்கப்பூருக்கு நூறு தடவை போய் முஸ்தபா கடையையும் தேக்கா சந்தையையும் மட்டும் பார்த்துவிட்டு வருகிற நம் ஆட்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

போவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டடம் தேடிப் போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓடுதளத்தின் நீளத்தைத் தேடிப் போங்கள். சிங்கப்பூரில் பயணி விமானங்கள் 1930-லிருந்து நான்கு இடங்களில் இறங்கியிருக்கின்றன: சிலேத்தார், காலாங், பாய லேபார், சாங்கி. விமானம் கனமாக ஆக ஆக அதற்கு நீளமான தரை வேண்டியிருந்தது. இருந்த இடத்தில் தரை போதாதபோது விமான நிலையம் இடம் மாறியது. அது விட்டுப் போன தரையில் ஊர் வளர்ந்தது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் வெறும் சடக்கும் (சாலையும்) அடுக்குமாடி வீடும்கூட உங்களிடம் பேசும்.

வீட்டிலேயே செய்ய வேண்டியது

முதல் வேலை, போனில் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளத்தைத் திறப்பது. நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்று தேடினால் வரும். காசு கிடையாது. ஆங்கிலத்தில் காலாங் ஏரோட்ரோம் என்று போட்டு, ஆண்டை 1937 என்று குறுக்குங்கள். திறப்பு விழாச் செய்தி, படம், விளம்பரம் எல்லாம் வரும். 1935-ல் தொடங்கிய நம் தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. இரண்டு மூன்று படங்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரில் நிற்கும்போது அவற்றை உயர்த்திப் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கிற சுகம் தனி.

இரண்டாவது, காலாங்கின் பழைய வரைபடம் அல்லது மேலிருந்து எடுத்த படம் ஒன்று. அதில் கடலோரமாகத் தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வட்டம் தெரியும். அதுதான் இறங்குதளம். அந்தப் படம் இல்லாமல் போனால் காலாங்கில் பாதி புரியாது. முதல் தடவை நான் அதில்லாமல் போய், கட்டடத்தைச் சுற்றி வந்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று திரும்பியவன்.

எல்லை தாண்டுதல்

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பலாம். அது முற்றிலும் இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிட்டு வெளியே வாருங்கள். போன தடவை எனக்கும் பிள்ளைகளுக்கும் நிரப்பிவிட்டு அம்மாவுக்கு மறந்துவிட்டேன். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசையை விட்டு விலகி, சுவரோரம் நின்று, கண்ணாடியைத் தேடி, அம்மாவின் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். "நான் ஒருத்தி வர்றதே ஒனக்கு ஞாபகம் இல்ல" என்று அம்மா அன்று முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். குடும்பத்தில் எத்தனை தலை என்று எண்ணி நிரப்புங்கள். சிகரெட் ஒரு பெட்டியானாலும் அங்கே வரி உண்டு. வேப் என்ற மின்சிகரெட் கூடவே கூடாது.

வார நாள் என்றால் விடியற்காலை வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கி அடித்துக்கொண்டு கடக்கும் நேரம் அது. 9 மணிக்கு மேல் போங்கள். சனி ஞாயிறு என்றால் தலைகீழ், இருட்டோடு கிளம்பிவிட வேண்டும். லாயாங்கிலிருந்து காடியில் (காரில்) ஜொகூர் பாரு வரை போய், அங்கே காடியை நிறுத்திவிட்டு பஸ் பிடிப்பதே என் பழக்கம். போகும் வழியில் சிம்பாங் ரெங்கமிலோ கூலாயிலோ பசியாறிவிடலாம். ஜொகூர் பாருவிலிருந்து 170 பஸ் குவீன் ஸ்திரீட் வரை போகும். அங்கிருந்து பூகிஸ் எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன் நடக்கிற தூரம். கிழக்கு நோக்கிப் போகும் ரயிலில் ஏறினால் லவெண்டர், அடுத்து காலாங். வங்கி அட்டையையே தட்டி ஏறலாம், தனி அட்டை வாங்கத் தேவையில்லை.

முதல் நாள்: காலாங்

காலாங் ஸ்டேஷனில் இறங்கி ஸ்டேடியம் லிங்க் பக்கமாக நடந்தால் பத்து நிமிடத்தில் பழைய விமான நிலையக் கட்டடம் கண்ணில் படும். முதலில் ஒரு எச்சரிக்கை: உள்ளே போகலாம் என்று நம்பிப் போகாதீர்கள். 2011-ல் சிங்கப்பூர் பியெனாலே கலைக் கண்காட்சி இங்கே நடந்தது. அப்படி ஏதாவது நிகழ்ச்சி நடந்தால் கதவு திறக்கும். இல்லையென்றால் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். வெளியே நின்றாலே போதுமான அளவு பார்க்கலாம், அதனால் மனம் சோரத் தேவையில்லை.

கட்டடத்துக்கு நேர் எதிரே, இரண்டு பக்கச் சிறகுகளும் ஒரே பார்வைக்குள் அடங்குகிற தூரத்தில் நில்லுங்கள். நடுவே வட்டமாகக் கண்ணாடி போட்ட கோபுரம். டிபன் கேரியர் அடுக்குப் போல ஒன்றின் மேல் ஒன்றாக, மேலே போகப் போகச் சிறுத்துப் போகும். அதுதான் கட்டுப்பாட்டுக் கோபுரம். எந்தத் திசையிலிருந்து விமானம் வந்தாலும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வட்டமும் கண்ணாடியும். இரு பக்கமும் படிப்படியாக இறங்கும் மாடங்களைப் பாருங்கள். வழியனுப்ப வந்தவர்களும் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நின்ற இடம் அது. அந்தக் காலத்தில் விமானம் ஏறுபவர் பத்துப் பேர் என்றால் பார்க்க வந்தவர் நூறு பேர் இருந்திருப்பார்கள். வரைந்தவர் பொதுப்பணித் துறையின் பிராங்க் டாரிங்டன் வார்ட். சிட்டி ஹால் பக்கம் இருக்கிற பழைய உச்ச நீதிமன்றமும், சன்னல்களுக்கு வண்ணமடித்த பழைய ஹில் ஸ்திரீட் காவல் நிலையமும் அவர் கைவண்ணம்தான். நீதிமன்றத்தில் தூண்களை நிறுத்தி மிரட்டியவர், இங்கே தூணே வேண்டாம் என்று வழவழவென்று விட்டுவிட்டார். எனக்குப் பிடித்தது இதுதான்.

1937 ஜூன் 12-ல் கவர்னர் ஷெண்டன் தாமஸ் இதைத் திறந்து வைத்தார். அதற்கு முன் இந்த இடம் அலையாத்திச் சேறு. சேற்றில் மண்ணைக் கொட்டிக் கொட்டி நிலமாக்க ஆண்டுக்கணக்கில் ஆனது. திறந்து 10 நாள் ஆவதற்குள் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் விமானி அமெலியா இயர்ஹார்ட் இங்கே வந்து இறங்கி, பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதமே பசிபிக் கடலுக்கு மேலே காணாமல் போனார்.

இப்போது அந்தப் பழைய படத்தை எடுங்கள். கட்டடத்துக்கு முன்னால் இருந்தது நேர்க்கோட்டு ஓடுதளம் இல்லை, புல்தரை. சுமார் 1,000 கஜம் குறுக்களவு கொண்ட வட்டம். அன்றைய விமானங்கள் இலேசானவை. குறுக்குக் காற்று அடித்தால் கவிழ்த்துவிடும், அதனால் காற்றுக்கு எதிராக முகம் வைத்துத்தான் ஏறவும் இறங்கவும் முடியும். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கமே ஓட வட்டத் தரை வசதி. காற்றாடி விடுகிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். என் மகன் படத்தைப் பார்த்ததும் "நாங்க திடல்ல காத்து பாத்து ஓடுவோம்ல, அதான்பா" என்றான். எங்கள் ஊர்ப் பிள்ளை.

அந்தப் புல்லிலிருந்து கிளம்பியதுதான் நம் நாட்டுக்குள் ஓடிய முதல் ஒழுங்கான பயணி விமானச் சேவை. வேர்ன்ஸ் ஏர் சர்வீசஸ் என்ற நிறுவனம் 1937 ஜூன் 28-ல், நிலையம் திறந்து இரண்டே வாரத்தில், சிங்கப்பூர் - கோலாலம்பூர் - பினாங்கு என்று பறக்கத் தொடங்கியது. விமானம் டி ஹாவிலண்ட் டிராகன் ராப்பீட்: இரட்டை அடுக்கு இறக்கை, இரண்டு இயந்திரம், துணி போர்த்திய மர உடம்பு. தாத்தாக்கள் நிரையில் நின்று அண்ணாந்து பார்த்தது அநேகமாக இதைத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டிருக்கிறேன். வடக்கே போகும் விமானம் ஜொகூரைத் தாண்டித்தானே போக வேண்டும்?

போர் வந்ததும் அந்தச் சேவை முடிந்தது. போருக்குப் பின் மலாயன் ஏர்வேஸ் வந்தது. உண்மையில் அது பிறந்தது 1937 அக்டோபரில். ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப், ஓஷன் ஸ்டீம்ஷிப் என்ற இரண்டு கப்பல் கம்பெனிகளும் பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸும் சேர்ந்து பதிவு செய்தது. கப்பல்காரர்களே ஆகாயக் கப்பல் விட்டார்கள் என்றால் நம் பாட்டிகளின் சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பறக்கத் தொடங்கியது பத்து ஆண்டு கழித்து, 1947-ல்: ஏர்ஸ்பீட் கான்சல் என்ற சின்ன விமானத்தில் 5 பயணிகள். 1947 மே 1 முதல் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று அட்டவணைப்படி ஓடியது. அந்தக் கம்பெனி 1963-ல் மலேசியன் ஏர்வேஸ் ஆகி, 1966-ல் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகி, 1972 அக்டோபரில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று எஸ்.ஐ.ஏ. (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்), இன்னொன்று நம் மாஸ் (மலேசிய விமான நிறுவனம்). பாகப்பிரிவினைக்கு முந்தைய பூர்வீக வீடு காலாங் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இறங்கியவை

கட்டடத்தை விட்டு நடந்து காலாங் ஆற்று முகத்துக்கு வாருங்கள். இன்று துடுப்புப் படகுகள் ஓடுகிற இந்த நீர்ப்பரப்பில்தான் 1938 முதல் கடல் விமானங்கள் இறங்கின. சிட்னியிலிருந்து இங்கிலாந்தின் சவுதாம்டன் வரை, ஒன்பது பத்து நாள் பயணம். இரவானால் விமானத்தை நிறுத்திவிட்டுப் பயணிகளை ஹோட்டலில் தூங்க வைப்பார்கள். பெரிய விமானத்துக்கு நீளமான கெட்டித் தரை எங்குமே இல்லாத காலத்தில் கடலை ஓடுதளமாக்கிக்கொண்டது புத்திசாலித்தனம். நிலத்துக்கும் நீருக்கும் சேர்த்து ஒரே நிலையம் என்பதுதான் காலாங்கின் பெருமை.

அங்கிருந்து மெர்டேக்கா பாலத்தின் மேல் ஏறி நில்லுங்கள். 1956-ல், அதாவது நமக்கு மெர்டேக்கா (விடுதலை) கிடைப்பதற்கு ஓராண்டு முன்பே, அந்தப் பெயரோடு திறந்த பாலம். விமான நிலையம் போன பிறகுதான் இந்தப் பாலமும் நிக்கல் ஹைவேயும் திறந்தன. எதிரே கவிழ்த்த கிண்ணம் போலத் தெரியும் விளையாட்டரங்கமும் பழைய விமான நிலைய நிலத்தில்தான் நிற்கிறது. அதற்கு முன் அங்கே 1973-ல் திறந்த தேசிய அரங்கம் இருந்தது. மலேசியக் கிண்ணக் கால்பந்துப் போட்டிகளில் "காலாங் ரோர்" என்ற ரசிகர் முழக்கத்தால் நம் ஜொகூர்காரர்களைக் கதிகலங்க வைத்த அரங்கம். போன தடவை கூட வந்த மாமாவுக்கு இதைச் சொன்னதும் நடையை நிறுத்திவிட்டார். "ஏன்டா, நாங்க லாரி ஏறி வந்து பந்து பாத்துட்டுப் போனது ஆகாயக் கப்பல் எறங்குன தரையிலயா? அன்னைக்கு ஒருத்தனும் சொல்லலியே!"

மவுண்ட்பேட்டன் ரோடு, டகோட்டா, சாப்பாடு

இந்தப் பகுதிக்கு வெயில் தாழ்ந்த நேரம் நல்லது, ஆனால் வயிறு விடாது. ஸ்டேடியம் பக்கமிருந்து மவுண்ட்பேட்டன் ரோட்டுக்கு நடங்கள். போருக்குப் பின் புல் வட்டம் போதாமல் நேரான ஓடுதளம் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் அதுவும் போதாமல் மவுண்ட்பேட்டன் ரோட்டையே குறுக்கே வெட்டிக்கொண்டு நீட்டினார்கள். விமானம் வரும் நேரம் ரயில்வே கேட் போல சடக்கை அடைத்துக் காடிகளை நிறுத்துவார்கள். நடைபாதையில் நின்று இரு பக்கமும் ஒரு தடவை பாருங்கள். பஸ் நிற்கிற இடத்தில் விமானச் சக்கரம் ஓடியிருக்கிறது.

நீட்டியும் போதவில்லை. 1954 மார்ச் 13-ல் இங்கே இறங்க வந்த, பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் கான்ஸ்டலேஷன் விமானம் ஓடுதளத்தின் முனையில் கடற்சுவரில் இடித்துத் தீப்பிடித்தது. 33 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே பாய லேபாரில் புது நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. 1955 ஆகஸ்டில் காலாங்கை மூடிவிட்டார்கள். 1960 முதல் 2009 வரை கட்டடம் மக்கள் கழகத்தின் தலைமையகமாக இருந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது 2008-ல்.

ஓடுதளம் நீண்டிருந்த பகுதியில் இன்று ஓல்ட் ஏர்போர்ட் ரோடு. பக்கத்தில் டகோட்டா கிரசண்ட், டகோட்டா எம்.ஆர்.டி. டகோட்டா என்பது டி.சி.-3 விமானத்தின் இன்னொரு பெயர். போருக்குப் பின் இந்த வட்டாரத்துக்கே மாட்டு வண்டி மாதிரி உழைத்த விமானம் அது, மலாயன் ஏர்வேஸும் வைத்திருந்தது. 1958-ல் அங்கே செங்கல் நிறத்தில் கட்டிய தாழ்வான அடுக்குமாடிகளில் இருந்த குடும்பங்களை 2016-க்குள் இடம் மாற்றிவிட்டார்கள். நடுவில் இருக்கும் 6 கட்டடங்களையும் புறா வடிவ விளையாட்டுத் திடலையும் காப்பாற்ற முடிவாகியிருக்கிறது. எங்கள் லயத்து வீடுகளை இடித்தபோது அப்படி ஒரு வரிசையையாவது விட்டு வைத்திருக்கலாம் என்று தோன்றாமல் போகாது.

ஓல்ட் ஏர்போர்ட் ரோடு உணவங்காடி பேர் பெற்றது. கடைகள் பெரும்பாலும் சீனர் கடைகள். எங்கள் வீட்டில் இருப்பது போல மாடு சாப்பிடாதவர், வெள்ளிக்கிழமை சைவம், பன்றி ஆகாதவர் என்று மூன்று கட்சி இருந்தால், இங்கே கரும்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு சாப்பாட்டை லிட்டில் இந்தியாவுக்குத் தள்ளிப் போடுங்கள். திங்கட்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும்.

மாலை: தபால் வந்து சேர்ந்த இடம்

விமானப் பாரம்பரியம் என்றால் பயணிகளை மட்டுமே நினைக்கிறோம். ஆரம்ப காலத்தில் விமானத்துக்குச் சோறு போட்டது தபால்தான். இம்பீரியல் ஏர்வேஸ் 1933 டிசம்பரில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை வழியை நீட்டியதும், 1934 டிசம்பரில் குவாண்டாஸ் அதை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போனதும் முதலில் கடித மூட்டைகளுக்காக. அந்த மூட்டைகள் போய்ச் சேர்ந்த இடம் சிங்கப்பூர் ஆற்று முகத்தில் 1928-ல் திறந்த ஃபுல்லர்ட்டன் கட்டடம். அன்று தலைமைத் தபால் நிலையம், இன்று விலை உயர்ந்த ஹோட்டல். கீழ்த்தளத்துக்குள் மரியாதையாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கோப்பி மட்டும் அங்கே குடிக்காதீர்கள், நம் மலேசிய வெள்ளி தாங்காது.

தோட்டத்தில் விமானம் ஏறாத வீடு இருந்தது, ஆனால் நீல நிற ஏரோகிராம் வராத வீடு இருந்ததில்லை. ஊரில் பெண் சமைந்ததும், வயலை விற்றதும், பாட்டி போனதும் அந்த மெல்லிய மடிப்பில்தான் வந்தது. பெரியவர்களோடு போனால் இந்தப் படிக்கட்டில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். கடிதக் கதை தானாக வரும்.

இரண்டாம் நாள்: சிலேத்தார், பாய லேபார், சாங்கி

காலவரிசைப்படி சிலேத்தார்தான் முதலில் வர வேண்டும். காலாங்கைப் பார்த்த பிறகு போனால்தான் அதன் அருமை தெரியும் என்பதால் தள்ளி வைத்தேன். 1920-களின் கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படை கட்டிய தளம். 1930 பிப்ரவரியில் டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மின் விமானம் இங்கே வந்து இறங்கியதோடு பயணி விமானக் கதை தொடங்குகிறது. காலாங் திறக்கும் வரை எல்லாம் இங்கேதான். எம்.ஆர்.டி. வாசல் வரை போகாது. நாலு பேர் இருந்தால் கிராப் வாடகைக் காடி பிடிப்பதே மேல். பழைய அதிகாரிகளின் கறுப்பு வெள்ளை பங்களாக்களுக்கு நடுவே நடங்கள். சடக்குப் பெயர்ப் பலகைகளைப் பாருங்கள்: பிக்கடிலி, பார்க் லேன், மெய்டா வேல், பேக்கர் ஸ்திரீட். வீட்டு நினைப்பு வந்த வெள்ளைக்காரன் லண்டனையே பெயர்ப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டான். நம் ஆட்கள் முனீஸ்வரனைக் கொண்டு வந்து தோட்டத்து முனையில் வைத்தது போலத்தான். சிலேத்தார் இன்னும் வேலை செய்கிற விமான நிலையம். புதுப் பயணியர் முனையம் 2018-ல் திறந்தது.

பாய லேபாருக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். அது இப்போது விமானப்படைத் தளம். வேலிக்கு வெளியே நின்று படம் எடுப்பதும் வம்பு. போகிற வழியில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவிடுங்கள். 1955-ல் 8,000 அடி ஓடுதளத்தோடு திறந்தது. 1968-ல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் பியர் பால்மேன் வடிவமைத்த பாட்டிக் கெபாயா கட்டிய பணிப்பெண்கள் நடந்தது அங்கே. 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகக் கான்கார்டு விமானம் வந்ததும் அங்கேதான். மூன்றே நடைகளில் நின்றுவிட்டது, காரணம் நாம். மலாக்கா நீரிணைக்கு மேல் ஒலியை விட வேகமாகப் பறக்க மலேசியா அனுமதி கொடுக்கவில்லை. 1979-ல் மறுபடி வந்து 1980 நவம்பரோடு ஓய்ந்தது. தளத்தை 2030-களில் காலி செய்யும் திட்டம் இருக்கிறது. அப்போது பழைய முனையத்தைப் பார்க்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கலாம்.

சாங்கிக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். ஜுவல் அருவி முன் படம் எடுத்தாயிற்று. இந்தத் தடவை முதலாம் முனையத்துக்குப் போங்கள். 1981 ஜூலை 1 காலையில் அங்கே வந்து சேர்ந்த முதல் விமானம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோலாலம்பூரிலிருந்து. எஸ்.ஐ.ஏ.வின் 101-ஆம் எண் விமானம். முந்தின இரவு பாய லேபாரிலிருந்து வண்டி வண்டியாகச் சாமான்களை ஏற்றி, விடிவதற்குள் குடிமாறியிருந்தார்கள். ஓடுதளக் கணக்கை இங்கே முடித்துவிடலாம்: காலாங்கின் வட்டம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, சாங்கியின் ஓடுதளம் 4 கிலோமீட்டர். பெரும்பகுதி கடலைத் தூர்த்த மண். சாங்கியின் முதல் ஓடுதளம் ஜப்பான்காரன் காலத்தில் போர்க் கைதிகளின் கையால் போட்டது. அதே ஜப்பான்காரன் கட்டாய வேலை வாங்கிப் போட்ட சயாம் மரண ரயில் பாதையின் கதை கேட்டு வளர்ந்த வீடுகளுக்கு அதன் கனம் புரியும். நேரமிருந்தால் சாங்கி கடற்கரைக்குப் போய் மணலில் உட்காருங்கள். இறங்குகிற விமானங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து போகும், அடிவயிற்றுச் சக்கரம் கூடத் தெளிவாகத் தெரியும். பிள்ளைகள் கிளம்ப மாட்டார்கள்.

திரும்பும் வழியில்

ஜொகூர் பாருவில் ஜாலான் கெபுன் தேவுக்கு ஒரு திருப்பம் திரும்புங்கள். 1977 டிசம்பர் 4 இரவு பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய மாஸ் விமானம் எம்.எச். 653 கடத்தப்பட்டு, சிங்கப்பூர் நோக்கிப் போகையில் ஜொகூரின் தஞ்சோங் குப்பாங்கில் விழுந்தது. இருந்த 100 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. யார் எவர் என்று பிரித்தறிய முடியாததால் எல்லோரையும் ஒன்றாக இங்கே அடக்கம் செய்து நினைவிடம் எழுப்பினார்கள். மலாய், சீனர், இந்தியர், வெளிநாட்டவர் என எல்லோரும் ஒரே மண்ணில். சின்ன இடம்தான். சத்தம் போடாமல் போய், பூ வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் அம்மா கையோடு கொண்டுபோன மல்லிகைச் சரத்தில் பாதியை அறுத்து அங்கே வைத்தார், மீதியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால்

சிலேத்தாரையும் சாங்கியையும் விட்டுவிடுங்கள். காலாங் கட்டடம், ஆற்று முகம், மெர்டேக்கா பாலம், மவுண்ட்பேட்டன் ரோடு, டகோட்டா. இவ்வளவும் நடந்தே முடிக்கலாம், பெரியவர்கள் இருந்தால் நாலு மணி நேரம். குடை, தண்ணீர் போத்தல், காலுக்கு நல்ல சப்பாத்து. பிற்பகல் மழை திடீரென்று அடிக்கும், ஒதுங்க ஸ்டேடியம் பக்கம் இடம் உண்டு. மாலை 4 மணிக்கு முன் குவீன் ஸ்திரீட்டில் பஸ் ஏறிவிட்டால் பாலத்து நெரிசலுக்குத் தப்பி, இருட்டுவதற்குள் லாயாங் வந்துவிடலாம்.